பதினோராம் பிரிவில் மாட்டியவர்

அந்த வீட்டில் யாரும் தங்கள் துணியைச் சொந்த மெஷினில் துவைத்ததே கிடையாது. மெஷின்காரர் எந்த வாஷிங் மெஷினைப் பழுது பார்த்து முடித்தாலும், உரியவரிடம் ஒப்படைக்கும் முன் தன் வீட்டுத் துணியைப் போட்டு ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார். கிழிந்தால் நம் துணி கிழியட்டும், சாயம் ஏறினால் நம் சட்டையில் ஏறட்டும் என்பது அவர் தொழில் தர்மம். தர்மம் என்னவோ நல்லதுதான். ஆனால் வெள்ளை என்று வாங்கிய எதுவும் அந்த வீட்டில் வெள்ளையாக நீடித்ததில்லை. அவர் மனைவி அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற உடைகளில் பாதி வெளிர் நீலமாக இருந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

மனைவி சட்டத் துறையில் வரைவாளர். அமைச்சர்கள் "இப்படி ஒரு சட்டம் வேணும்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவதை, பிரிவு பிரிவாக உட்கார்ந்து எழுதிக் கொடுப்பது அவள் வேலை. எழுதியதில் எந்த இடத்தில் கெட்டிக்காரன் நுழைந்து தப்புவான், எந்த இடத்தில் அப்பாவி தடுக்கி விழுவான் என்று துருவித் துருவித் தேடுவாள். அலுவலகத்தில் அவளுக்கு ஓட்டை அக்கா என்று பெயர். பெயர் வைத்தவர்கள் முதலில் மறைவாகத்தான் சொன்னார்கள். அவளே ஒரு நாள் தொலைபேசியில் "ஓட்டை அக்கா பேசறேன்" என்று சொன்ன பிறகு அதுவே நிலைத்துவிட்டது. நாமும் அக்கா என்றே சொல்வோம்.

அக்காவின் கெட்டிக்காரத்தனத்தில் சரிபாதி வீட்டில் விளைந்தது. மக்கள் கருத்துக்காக ஒரு மசோதா வெளியானதும், அன்று மாலை துவைத்த துணியை மடிக்கும்போது, அதன் தண்டனைப் பிரிவுகளைக் கணவருக்கு ஒப்பிப்பாள். அவர் அதில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் ஆட்டம். கல்யாணமான புதிதில் பொழுது போகாமல் ஆரம்பித்தது, பிறகு விட முடியாத பழக்கமாகிவிட்டது.

மெஷின்காரர் மாட்டிக்கொள்வதில் மன்னன். தெருநாய்க்குத் தொடர்ந்து உணவு தருபவரே அதன் உரிமையாளர் என்று ஒரு மசோதா வந்தபோது, தான் காலையில் பிஸ்கட் போடும் நாய்களையெல்லாம் விரல் விட்டு எண்ணி, "எத்தனை நாய்க்கு நான் அப்பா ஆகறேன் பாரு" என்று பூரித்துப் போனார். இரைச்சல் தடைச் சட்டத்தில், பழுதான மெஷினைச் சுற்றவிட்ட குற்றத்துக்காகத் தனக்குத் தானே ஆயுள் தண்டனை விதித்துக்கொண்டார். சொல்லை அப்படியும் இப்படியும் புரட்டி, "அந்த 'வழக்கமாக'ங்கறியே, வாரத்துல எத்தனை நாள் செஞ்சா வழக்கம்?" என்று குடைவார். அக்கா சிரித்துக்கொண்டே கேட்டு, மறுநாள் அலுவலகத்தில் போய் அந்தச் சொல்லை மாற்றுவாள். தன் பெயர் வெளியே தெரியாமலே அந்த மனிதர் நாட்டின் பல சட்டங்களைச் செப்பனிட்டிருக்கிறார்.

அந்த வருடம் வந்தது சிரிக்கிற மசோதா இல்லை. பேருந்து நிலையத்தில் ஒரு பை வெடித்திருந்தது. வைத்தவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அல்ல. இதே ஊரில் பள்ளிக்கூடம் போய், இதே பேருந்தில் தொங்கிக்கொண்டு போனவர்கள். ஒருவனுடைய அம்மா தொலைக்காட்சியில், "ஏதோ பண்றான்னு தெரியும், என்னன்னு தெரியல" என்று அழுதாள். ஊரே அவள்மேல் பாய்ந்தது. அடுத்த மாதமே அரசு உள்நாட்டுப் பயங்கரவாதத் தடுப்பு மசோதாவைக் கொண்டுவந்தது. அதன் பதினோராம் பிரிவு அந்த அம்மாவுக்காகவே எழுதச் சொன்னது போல இருந்தது. தன்னுடன் வசிக்கும் உறவினர் வன்செயலுக்கு ஆயத்தமாகிறார் என்று அறிந்தும், அல்லது ஐயப்பட நியாயமான காரணம் இருந்தும், உடனே காவல் துறைக்குச் சொல்லாதவருக்கு ஐந்தாண்டு வரை சிறை.

எழுதியது அக்காதான். எழுதும்போது அவளுக்கு அந்தப் பேருந்து நிலையம்தான் கண்ணில் நின்றது.

வழக்கப்படி மசோதா வெளியான அன்றே ஆட்டம் நடந்திருக்க வேண்டும். இந்த முறை மெஷின்காரர், "இன்னிக்கு அசதியா இருக்கு" என்றார். பிறகு ஒரு நாள் அவசர வேலை என்றார். பிறகு இடுப்பு வலி என்றார். அவருக்கு அந்தச் சமயம் இடுப்பு வலி இருந்தது உண்மை என்றுதான் அக்கா நினைத்தாள். தினமும் படுக்கும் முன் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். மெஷினைத் தூக்க முடியாது என்பதால் சின்னவனைத்தான் வேலைக்குக் கூட்டிப்போனார்.

சின்னவன் அக்காவின் தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவளே வளர்த்தவன். வேலை பார்த்த தொழிற்சாலையை இழுத்து மூடிய பிறகு, மாடி அறையில் படுத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாலையானால் எங்கோ போவான், கடுகடுவென்று திரும்பி வருவான். அவனை மாமா தினமும் வேலைக்கு இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்ததில் அக்காவுக்கு உள்ளூர சந்தோஷம். கணவரின் இடுப்புக்கு மனதுக்குள் நன்றிகூடச் சொன்னாள்.

திங்கட்கிழமை திருத்திய மசோதா செயலாளர் மேசைக்குப் போயாக வேண்டும். அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை, அக்கா துணிக் குவியலை நடுக்கூடத்தில் கொட்டி, கணவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இன்னிக்குத் தப்பிக்க முடியாது. கேளுங்க" என்று பதினோராம் பிரிவை ஒப்பித்தாள்.

"இதுல நான் மாட்டல" என்றார் அவர்.

அவள் வாயை மூடும் முன்பே வந்துவிட்டது பதில். 'உறவினர்' என்றால் மச்சினனும் சேர்த்தியா என்று கேட்கவில்லை. 'உடனே' என்றால் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்கவில்லை. 'நியாயமான காரணம்' என்ற சொல் புகுந்து விளையாட வாசலைத் திறந்து வைத்திருந்தது. அதில் கால் வைக்காமல், நாய்ச் சட்டத்தில் அப்பா ஆன மனிதர், ஒரு துண்டை மடித்தார். பிரித்தார். திரும்ப அதையே மடித்தார்.

அக்கா அவர் கையையே பார்த்தாள். இந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் கை காட்டிக் கொடுத்துவிடும். அந்த வீட்டில் உடன் வசிக்கும் உறவினர் என்றால் அவள் தம்பி ஒருவன்தான்.

"சின்னவன் என்ன பண்ணான்?" என்று கேட்டாள்.

அவர் துண்டைக் கீழே வைத்தார். "ஒண்ணும் பண்ணல. பண்ணப் பார்த்தான். இப்ப இல்ல."

"என்ன பண்ணப் பார்த்தான்?"

"பழைய மெஷின்ல இருக்கற டைமர் வேணும்னு கேட்டான். யாரோ ஃபிரெண்டுக்காம். எந்த மெஷினுக்குன்னு கேட்டேன். சொல்லத் தெரியல அவனுக்கு. நம்ம வீட்ல வளர்ந்த பையன், மெஷின் பேரு ஒண்ணுகூட வாயில வரல. மூஞ்சியப் பார்த்தேன். புரிஞ்சு போச்சு."

"அப்புறம்?"

"இல்லைன்னுட்டேன். கொட்டகையில மலை மாதிரி குவிஞ்சு கிடக்குது, இல்லைன்னுட்டேன். மறுநாள் காலையில மொத்தத்தையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டேன். அதுலேர்ந்து அவனைத் தனியா விடல. பகல் பூரா கூடவே வெச்சுக்கிட்டேன். சாயந்திரம் எங்கயும் போக முடியாதபடி களைச்சுப் போற மாதிரி வேலை வாங்கினேன். பேசினேன். திட்டினேன். இப்ப அங்க போறதை விட்டுட்டான்."

அக்கா குவியலிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்தாள். பிறகு, "அப்ப இடுப்பு வலி?" என்றாள்.

"அது இல்ல" என்று ஒத்துக்கொண்டார்.

"இத்தனை நாள் நான் தைலம் தேய்ச்சேனே."

"நல்லா இருந்துச்சு."

அக்காவுக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த தலையணை உறையால் அவரை ஒரு போடு போட்டாள். உடனே அழுகையும் வந்தது. தன் தம்பி, தன் மடியில் தூங்கிய பிள்ளை, டைமர் கேட்டிருக்கிறான். தன் வீட்டுக் கொட்டகையில் கேட்டிருக்கிறான். அவள் அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் அம்மாக்களுக்குச் சிறைத் தண்டனை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எனக்கு ஏன் சொல்லல? அவன் என் தம்பி."

"சொல்லத்தான் இருந்தேன். அன்னிக்குத்தான் உன் மசோதா வெளிய வந்துச்சு. எடுத்துப் படிச்சேன். 'அறிந்தும்'னு எழுதியிருந்த." அவர் குரல் தணிந்தது. "உன்கிட்ட சொன்னா நீயும் அறிஞ்சவ ஆயிடுவ இல்ல? நான் ஒருத்தன் மாட்டினா போதும்னு இருந்துட்டேன்."

எத்தனையோ வருடம் ஆட்டத்தில் ஆசை ஆசையாக மாட்டிக்கொண்ட மனிதர், நிஜமாகவே மாட்டிக்கொண்டு, அவளை மட்டும் வெளியே நிறுத்தி வைத்திருந்தார். அவளுக்கு அவர்மேல் பொங்கி வந்த அன்புக்கு அளவில்லை. அவர் செய்தது தப்பு என்பதும் அதே நேரத்தில் தெளிவாகத் தெரிந்தது. இரண்டும் ஒன்றாக நெஞ்சில் உட்கார்ந்தால் மூச்சு விடுவது கஷ்டம்.

"இப்ப நானும் மாட்டியாச்சு" என்றாள்.

பின்கட்டிலிருந்து சின்னவன் ஈரத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். இருவர் முகத்தையும் பார்த்தான். கூடையை வாசற்படியிலேயே வைத்துவிட்டான்.

"மாமா சொல்லிட்டாரா?"

"உக்காரு" என்றாள் அக்கா. "யாரு கேட்டது அந்த டைமர்?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த இரண்டு பேர். மைதானத்துக்குப் பின்னால் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஆரம்பத்தில் வேலை போன கதைதான் பேசினார்கள். அங்கே போனால் யாரும் "இன்னும் வேலை கிடைக்கலையா" என்று கேட்க மாட்டார்கள். அதற்காகவே போனான். பிறகு பேச்சு வேறு மாதிரி போனது.

"டைமர் எதுக்குன்னு நான் கேக்கலக்கா" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "தெரிஞ்சுதான் கேக்கல" என்றான்.

"இப்ப அவங்க எங்க?"

"தெரியாது. நான் போறதில்ல."

"அந்த ரூம்?"

"இருக்கும்."

மெஷின்காரர் குறுக்கே வந்தார். "அவன் விட்டுட்டான்மா. அதோட முடிஞ்சு போச்சு. இனிமே கிளறினா அவனைத்தான் புடிச்சு உள்ள போடுவாங்க. நாம அவனைத் திருப்பிக் கொண்டு வந்துட்டோம். போதும்."

"நம்ம பையனைத் திருப்பிட்டீங்க. சரி. உங்ககிட்ட கிடைக்கலைன்னா அவங்களுக்கு வேற ரிப்பேர்க்காரனே கிடையாதா?"

அவர் துண்டை மறுபடி கையில் எடுத்தார்.

"பஸ் ஸ்டாண்டுல அந்தப் பைக்குப் பக்கத்துல நின்னவங்களுக்கும் தம்பி இருந்திருப்பான், அக்கா இருந்திருப்பா" என்றாள். பிறகு தம்பியின் தலையில் கை வைத்தாள். "நான் போய்ச் சொன்னா அது வேற. மாமா சொன்னா அது வேற. நீயே போய்ச் சொல்லு. நாங்க ரெண்டு பேரும் கூட வரோம்."

"உள்ள வெச்சுடுவாங்களா?"

"வெச்சாலும் வெப்பாங்க" என்றாள். அவளால் அவனிடமும் பொய் சொல்ல முடியவில்லை. "நான் தினமும் வந்து நிப்பேன்."

அவன் வெகு நேரம் ஈரக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "துணிய உலர்த்திட்டு வரேன்" என்றான். மூன்று பேருமாகச் சேர்ந்து உலர்த்தினார்கள். அக்கா அவனுக்கு ஒரு சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். அதுவும் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த சட்டைதான்.

மறுநாள் ஒப்படைக்க வேண்டிய மெஷின் ஒன்று வேனின் பின்னால் கட்டியிருந்தது. அதை இறக்க யாருக்கும் தோன்றவில்லை. அதோடே காவல் நிலையத்துக்குப் போய் நின்றார்கள். வாசலில் இருந்த காவலர் மெஷினைப் பார்த்துவிட்டு, "திருட்டுக் கேஸா?" என்று கேட்டார். சின்னவன் முன்னால் போய், "இல்ல சார். நான் ஒண்ணு சொல்லணும்" என்றான். அவனேதான் சொன்னான், முதலிலிருந்து கடைசி வரை.

அன்றே அந்த அறையைச் சோதனை போட்டார்கள். உள்ளே என்ன இருந்தது என்பது மறுநாள் காலைச் செய்தியில் வந்தது. டைமர்களும் இருந்தன. வேறு எங்கோ வாங்கியிருந்தார்கள். மெஷின்காரர் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, கொட்டகையில் போய் ஒரு கவிழ்த்த டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டார். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழக்க தோஷத்தில், அவர் இடுப்பைத் தடவிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை அவள் செயலாளர் அறைக்குள் போய், நடந்தது அத்தனையையும் சொன்னாள். செயலாளர் நல்ல மனிதர், ஆனால் கோப்புகளைப் பார்த்துப் பார்த்து முகமும் கோப்பு மாதிரியே ஆகிவிட்டவர். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சட்டம் இன்னும் நிறைவேறல. அதனால உங்க வீட்டுக்காரர் பதினோராம் பிரிவுல வர மாட்டார். ஆனா இந்த மசோதா இனிமே உங்க கையில இருக்கக் கூடாது. புரியுதில்ல?"

"புரியுது சார். அதுக்குத்தான் வந்தேன்."

"உங்களைக் கேக்கக் கூடாது. இருந்தாலும் கேக்கறேன். அந்தப் பிரிவை எடுத்துடணும்னு சொல்றீங்களா?"

"எடுக்க வேண்டாம் சார். அந்த ரூம்ல இருந்ததை நீங்களும் செய்தியில பார்த்திருப்பீங்க. யாராவது சொல்லித்தான் ஆகணும். ஆனா நான் எழுதின பிரிவு எங்க வீட்டுக்குள்ள ஒரே ஒரு வேலைதான் செஞ்சது. பொண்டாட்டிகிட்டகூடப் பேச விடாம அவரு வாயைக் கட்டிப் போட்டுது. அவரு அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா நாங்க அன்னிக்கே வந்திருப்போம். பயந்து போய் சொல்லாம இருந்தவங்க, லேட்டானாலும், ஏதும் நடக்கறதுக்கு முன்னாடி வந்து சொன்னா, தண்டனை இல்லைன்னு இருக்கணும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப் பயப்படறவங்க போய்ப் பேச வேற ஒரு இடமும் இருக்கணும். சுவரு நல்லாத்தான் கட்டியிருக்கேன் சார். கதவு வைக்க மறந்துட்டேன்."

செயலாளர் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். அக்காவை எடை, அளவுச் சட்டத் திருத்தத்துக்கு மாற்றினார்கள். பல மாதம் தராசுகளோடு காலம் தள்ளினாள்.

சின்னவனைச் சில வாரம் உள்ளே வைத்திருந்தார்கள். அவள் சொன்னபடி தினமும் போய் நின்றாள். பார்க்க விடாத நாளிலும் வாசலில் நின்றுவிட்டு வந்தாள். பிறகு ஜாமீன் கிடைத்தது. வழக்கு நடக்கிறது. வாரம் தவறாமல் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் மெஷினை வேறு ரிப்பேர்க்காரரிடம் கொடுக்க ஆரம்பித்தார்கள். மெஷின்காரர் அதற்காகக் கோபப்படவில்லை. "பயம்தானே, போகட்டும்" என்றார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் சட்டம் நிறைவேறியது. வேறொருவர் எழுதி முடித்த பிரதியை அக்கா எல்லாரையும் போலக் காத்திருந்து வாங்கிப் படித்தாள். அன்று மாலை துணிக் குவியல் நடுக்கூடத்துக்கு வந்தது. சின்னவன் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான்.

அக்கா பதினோராம் பிரிவை ஒப்பித்தாள். புதிதாக இரண்டு உட்பிரிவுகள் சேர்ந்திருந்தன. அவற்றையும் ஒப்பித்தாள். தாமதமாக வந்தாலும் தீங்கு நடக்கும் முன் வந்து சொன்னவருக்குத் தண்டனை இல்லை. காவல் நிலையம் அல்லாத ஆலோசனை மையத்தில் சொன்னாலும் சொன்னதாகவே கொள்ளப்படும்.

மெஷின்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார். "நான் மாட்டறேன். ஆனா கதவு இருக்கே, வெளிய வந்துடறேன். எதுக்கும் அந்த 'தீங்கு'ன்னா..."

"இருங்க மாமா" என்றான் சின்னவன். "இந்தத் தடவை நான் ஆடறேன்."

இதுவரை அவன் அந்த ஆட்டத்தில் கலந்துகொண்டதே இல்லை. இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் குவியலிலிருந்து பெரிய படுக்கை விரிப்பை உருவி, ஒரு முனையை அக்காவிடம் கொடுத்தான். அதை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இருவரும் எழுந்து எதிரும் புதிருமாக நின்று, உதறி, நுனியோடு நுனி சேர்த்தார்கள். அவன் யோசித்துக்கொண்டே மடித்தான். கிட்டே வந்து தன் முனையை அவள் கையில் கொடுத்தான். திரும்பிப் போய்த் தொங்கிய மடிப்பைப் பிடித்தான். திரும்பவும் வந்தான். விரிப்பு சின்னச் சதுரமாகி அவள் கைக்கு வந்து சேர்ந்தது.

"மாட்டல அக்கா" என்றான்.

மாமாவைப் போல அவசரப்பட்டுச் சொல்லவில்லை. அக்கா அவன் கையைப் பார்த்தாள். அது அடுத்த துணியை எடுக்கப் போயிருந்தது. அவள் அவனை நம்பினாள். விரிப்பை மற்றவற்றோடு அடுக்கி வைத்தாள்.